பாதி விசில்

கண்காட்சியில் ஓவியர் தில்லைநாயகியின் படம் தொங்கியது. படத்தில் ஒருத்தி அடுப்படியில் தனியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அடுப்பில் குக்கர்.

"எவ்வளவு நேரம்தான்டா அடக்குறது? ஒரு விசில் அடிச்சுக்கிறேனே!" என்று எகிறியது குக்கர்.

"வாயை மூடு! நீ கத்தினா இவ எந்திரிச்சு ஓடுவா. இன்னிக்குத்தான் என்னைச் சூடா குடிக்கிறா," என்று சீறியது காபி.

"சரி, பாதி விசில்?"

"கால் விசில்கூடக் கிடையாது, போ!"

பேரம் படியவில்லை. குக்கர் மூச்சை இழுத்துக்கொண்டு தயாரானது.

அப்போது படம் பார்க்க வந்த பெண்ணின் கைப்பையில் போன் அலறியது. எடுத்துப் பார்த்தாள். வீட்டிலிருந்துதான். படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். போனை அணைத்துவிட்டு எதிரே பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

குக்கர் மூச்சை மெதுவாக விழுங்கியது.

"தொலையட்டும். இவளும் உட்காரட்டும்," என்றது.