முன்சீட்டு மாமனார்

ஊரைச் சுற்றிக் காட்டும் பேருந்து கடைசி நிறுத்தத்தில் நின்றதும், வழிகாட்டி முதல் ஆளாகக் குதித்து இறங்கித் தொப்பிக்காரருக்குக் கை நீட்டினான்.

தொப்பிக்காரர் வேண்டாம் என்றார். அவன் விடவில்லை. வருங்கால மாமனார் படியில் தடுக்கி விழுந்தால், கூடவே கல்யாணமும் அல்லவா விழும்?

விஷயம் இதுதான். அவன் காதலியின் அப்பா இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பேருந்தில் பயணியாக வருவதாகச் சொல்லியிருந்தார். தான் யாரென்று காட்டிக்கொள்ள மாட்டாராம். பையன் வேலை பார்க்கும் லட்சணத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெண் தருவதா இல்லையா என்று சொல்வாராம். துறைமுகத்தில் சரக்குச் சோதனை செய்து ஓய்வு பெற்றவர். பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் ஊருக்குள் விட்டதில்லை.

அப்பாவின் போட்டோ ஒன்றாவது காட்டு என்று கெஞ்சினான். பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாளைக் கேட்கிறாயா என்று அவள் மறுத்துவிட்டாள். அப்பா வேண்டாம் என்றால் அவள் அழுவாளே தவிர, மீற மாட்டாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் ஒரு வாரம் நூலகமே கதியென்று கிடந்தான். கலங்கரை விளக்கம் கட்டிய ஆண்டு, கோட்டையின் நீள அகலம், ஆண்டு அனுபவித்துவிட்டுப் போன ஆளுநர்களின் பெயர்கள், எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

காலையில் தொப்பிக்காரர் தனியாக ஏறினார். ஏறியதும் இந்த வேலை நிரந்தரமா என்று கேட்டார். அதற்கு மேல் அவனுக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

முன்சீட்டில் ஏற்கெனவே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வண்டி வளைந்தால் தலை சுற்றும், அதற்காகவே சீக்கிரம் வந்து இடம் பிடித்தேன் என்றார். அவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பையோடு கிளப்பி, அந்த இடத்தைத் தொப்பிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அம்மாளைக் கடைசி வரிசையில் சக்கரத்துக்கு மேலே உட்கார வைத்தான். ஆபத்துக்குப் பாவமில்லை.

வழக்கமாக அவன் பேருந்து கலகலவென்று இருக்கும். கோட்டைப் பீரங்கியைக் காட்டி, இது ஒரே ஒரு தடவைதான் வெடித்தது, அதுவும் நம்முடைய கப்பல் மேலேயே என்பான். கடற்கரைப் பூங்காவில் நிற்கும் சிலையைக் காட்டி, இவர் யாரென்று எனக்கும் தெரியாது, புறாக்களுக்கு மட்டும் ரொம்ப வேண்டப்பட்டவர் என்பான். மீன் காட்சியகம் வருவதற்குள் குழந்தைகளிடம் மைக்கைக் கொடுத்து, கடல்நாய் எப்படிக் கத்தும் என்று போட்டி வைப்பான்.

இன்றைக்கு அந்தப் பேச்சே கிடையாது. கலப்படமில்லாத வரலாறு.

கலங்கரை விளக்கத்தின் படிக்கற்களை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பதில் ஆரம்பித்தான். பூங்காவில் நீரூற்றைப் பார்த்து ஓடிய குழந்தைகளைத் திரும்பக் கூப்பிட்டு, அதற்கு அடிக்கல் நாட்டியவரின் வாழ்க்கைக் குறிப்பைச் சொன்னான். பொம்மை ரயிலுக்கு நேரமில்லாமல் போயிற்று. ஒரு குழந்தை அழுதது. அதன் தகப்பன் தூங்கிவிட்டான். உடம்பு சரியில்லையா என்று டிரைவர் கண்ணாடி வழியாகச் சைகையில் விசாரித்தார்.

பூங்காவில் கடைசி வரிசை அம்மாள் ஒரு தடவை கையைத் தூக்கினார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். அவன் அப்போது மூன்றாவது ஆளுநரில் இருந்தான். கொஞ்சம் பொறுங்கள் அம்மா, ஐந்தாவது ஆளுநரோடு முடிந்துவிடும் என்றான்.

தொப்பிக்காரரோ எதைச் சொன்னாலும் மறுத்தார். கோட்டை அவ்வளவு பழசில்லை என்றார். ஆமாம் ஐயா, புதுசுதான் என்றான். முன்பெல்லாம் கடல் இன்னும் கிட்டத்தில் இருந்தது என்றார். மாமனார் சொன்னால் கடல் நகர வேண்டியதுதானே, அதையும் ஒப்புக்கொண்டான்.

இப்போது, படிக்குக் கீழே அவர் கையைப் பிடித்தபடி, இனியும் பொறுக்க முடியாமல், வீட்டில் மகள் சௌக்கியமா என்று மெல்லக் கேட்டுவிட்டான்.

தொப்பிக்காரர் கையை உருவிக்கொண்டார். தனக்குக் கல்யாணமே ஆகவில்லை, அந்தத் தொல்லை இல்லாததால்தான் இப்படி நிம்மதியாக ஊர் சுற்ற முடிகிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அவன் வந்தவர்களை ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்திப் பார்த்தான். வேறு ஒருவருக்கும் மாமனார் வயது இல்லை.

கைபேசி அடித்தது. அவள்தான்.

“அப்பா நேத்தே வந்துட்டுப் போயிட்டாராம். சொன்ன நாள்ல வந்தா நீ நடிப்பியாம். அந்தப் புறா ஜோக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எங்கப்பா சிரிச்சு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்று ஒத்திகைகூடப் பார்க்கவில்லை, வழக்கம்போல வாய்க்கு வந்ததை அள்ளிவிட்டிருந்தான். பிழைத்தோம் என்று பேருந்தின் வாசலில் சாய்ந்து, வழியை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றான்.

அவள் நிறுத்தவில்லை. அப்பாவுக்குப் பூரண சம்மதமாம். ஆனால் அந்த வீட்டில் எந்த நாளும் கடைசி வார்த்தை அவருடையது இல்லையே. வயிறு வலிக்கச் சிரிக்கலாம், நீயே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா என்று, இன்று காலை அம்மாவை அனுப்பி வைத்தாராம்.

முதுகுக்குப் பின்னால் யாரோ கனைத்தார்கள். எல்லோரும் இறங்கியாயிற்று என்றல்லவா நினைத்திருந்தான்.

திரும்பினான். மேல்படியில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வெளிறிய முகத்தோடு அந்த அம்மாள் நின்றிருந்தார்.

“நான் இறங்கலாமா தம்பி? இல்ல, இன்னும் ஏதாவது வரலாறு பாக்கி இருக்கா?”