முணுமுணுப்பு

“இந்த முறையும் றிஸானாதான் முதல்!”

ராஜரத்தினம் சேர் சொன்னதும் கௌசலாவுக்கு நெஞ்சு எரிந்தது.

வவுனியாவில் ஆங்கிலம் படிப்பிக்கும் சின்ன ரியூட்டரி அது. சேர் ஆங்கிலப் பேச்சுப் பதிந்த கசற் ஒன்றைப் போடுவார். கேட்டு, விடை எழுதவேண்டும்.

கௌசலாவுக்கு ஒவ்வொரு சொல்லையும் முணுமுணுத்தால்தான் விளங்கும். ஆனால் எழுதத் தொடங்குமுன் அடுத்த வசனம் ஓடிவிடும்.

அவளுக்கு நேர் முன்னால் வாங்குப் பலகையில் இருக்கும் றிஸானாவோ வாயே திறக்கமாட்டாள். கசற் தொடங்கியதும், எல்லாம் தெரிந்தவள் போல யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேனை மட்டும் நிற்காமல் ஓடும்.

‘எடுப்பைப் பார்!’ என்று மனதுக்குள் பொருமுவாள் கௌசலா.

அன்று சேர் இன்னொன்றும் சொன்னார்.

“நிவாரணக் கந்தோர் ஒண்டில ஆங்கிலம் கேட்டு விளங்கிற ஆள் தேவையாம். றிஸானாவைத்தான் அனுப்பலாமெண்டு நினைக்கிறன்.”

ஓமந்தையில் வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் கௌசலாவுக்கு அதே நினைப்பு. அப்பா படுக்கையில். அந்த வேலை தனக்கல்லவா வரவேண்டும்?

‘இனி நானும் அவளைப் போலத்தான் கேக்கப்போறன்.’

அடுத்த சோதனையில் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அவளும் யன்னலைப் பார்த்தாள். கசற் பேசியது, முடிந்தது. ஒன்றும் பிடிபடவில்லை.

புள்ளி வந்தது. கௌசலா பெயில்.

றிஸானாவும் பெயில்!

தன் தோல்வியே கௌசலாவுக்கு மறந்துபோனது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்தாள் றிஸானா.

“அக்கா, உங்களுக்குச் சுகமில்லையோ? ஏன் இண்டைக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை?”

“நான் சொன்னா என்ன, சொல்லாட்டி உமக்கென்ன?”

“சின்னனில ஷெல் விழுந்து எனக்கு ஒரு காது போச்சுது அக்கா. மற்றதிலயும் தூரத்துச் சத்தம் தெளிவாக் கேக்காது. அந்தக் காதைப் பின்னுக்குத் திருப்பி வைச்சு, நீங்கள் முணுமுணுக்கிறதைக் கேட்டுத்தான் எழுதிறனான்.”

கௌசலா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

றிஸானா தயங்கிச் சொன்னாள்:

“சேர் வேலையைப் பற்றிச் சொன்ன அண்டைக்கே அவரிட்ட இதைச் சொல்லிப்போட்டன், அக்கா. அந்த வேலைக்கு உங்களைத்தான் அனுப்பவேணும் எண்டும் கேட்டனான். என்ர புள்ளியெல்லாம் உங்கட வாயால வந்ததுதானே?”