மை பிடிக்காத கையெழுத்து

"அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையறதா இருந்தா, தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு என் வீட்டுப் படி ஏறாதே அண்ணா" என்று வெர்னா போனில் சொல்லிவிட்டாள்.

மறுமுனையில் அவள் அண்ணன் டெல்பர்ட் இருந்தார்.

"அப்ப இந்த வருஷம் விருந்து வான்கோழி முழுசும் உனக்கே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தேர்தல் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பதவியில் இருந்த அதிபரே மறுபடியும் ஜெயித்ததில் டெக்சஸில் பாதிப் பேருக்குத் தூக்கம் போயிருந்தது. எங்கள் மாநிலத்தைப் பிரித்துத் தனி நாடாக்குங்கள் என்று வெள்ளை மாளிகைக்கே மனு போட்டார்கள். கையெழுத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதாக டிவியில் சொன்னார்கள்.

வெர்னா பள்ளிக்கூட நூலகர். ஜெயித்தவருக்கு ஓட்டுப் போட்டவள். அந்தச் சின்ன ஊரில் அப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அண்ணன் கட்சி வேறு என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம் அதே ஊரில் தபால் கொடுத்து ஓய்வு பெற்ற மனிதர், அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு, தனியாக இருக்கும் வயதானவர்களாகப் பார்த்துக் கையெழுத்து வாங்குகிறார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

விருந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டுத் திரும்புகிற வழியில் டெல்பர்ட்டின் வண்டி மிஸ் ஓபல் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தாள். மிஸ் ஓபலுக்கு எண்பத்தாறு வயது. கண் பாதிதான் தெரியும்.

வெர்னா காரை ஓரம் கட்டிவிட்டு நேரே உள்ளே போனாள்.

சமையலறை மேஜையில் காபியும் பீச் பழப் பலகாரமும் இருந்தன. டெல்பர்ட் வாயில் ஒரு துண்டு. மிஸ் ஓபல் காகிதத்தில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

"வா வெர்னா, நீயும் போட வந்தியா? நான் போடறது இது ரெண்டாவது தடவை. போன வாரம் போட்டதுல மை சரியாப் பிடிக்கலையாம்."

வெர்னா அண்ணனைப் பார்த்தாள். அவர் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கொஞ்சம் வெளியே வா."

வாசலுக்கு வந்ததும் அவள் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். கண் தெரியாதவளிடம் இரண்டு தடவை வாங்குவதற்குப் பெயர் மோசடி என்றாள். அம்மா இருந்திருந்தால் அவர் முகத்தில்கூட விழித்திருக்க மாட்டாள் என்றாள். கடைசியில், "அந்த மனு கம்ப்யூட்டர்ல மட்டும்தான் போட முடியும். நீ வாங்கற காகிதம் எதுவும் செல்லாது. அதுவாவது தெரியுமா உனக்கு?" என்றாள்.

"தெரியும். மெதுவாப் பேசு. அவங்களுக்குக் கண்ணுதான் சரியில்லை, காது நல்லாவே கேட்கும்."

"தெரிஞ்சுமா அலையறே?"

டெல்பர்ட் படியில் உட்கார்ந்தார். முட்டியைத் தடவிக்கொண்டே, அதே ஊரில் தனியாக இருந்த ஹென்ஸ்லியைப் பற்றிச் சொன்னார். ஆகஸ்டில் அந்த மனிதர் தன் வீட்டுத் தரையில் விழுந்து, மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்து செத்துப்போனார். டெல்பர்ட் தபால் கொடுத்த காலமாக இருந்தால், நேற்றுப் போட்டது இன்றும் பெட்டியிலேயே கிடப்பதைப் பார்த்து அன்றைக்கே கதவைத் தட்டியிருப்பார்.

அதற்கப்புறம் அவர் தனியாக இருக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்துப் பார்த்திருக்கிறார். ஒருவரும் உள்ளே விடவில்லை.

"மிஸ் ஓபல் என்ன சொன்னாங்க தெரியுமா? நான் உயிரோட இருக்கேனான்னு பார்க்க ஆள் வர்ற அளவுக்கு இன்னும் போயிடலைன்னு சொல்லி, கதவை முகத்துக்கு நேரா சாத்திட்டாங்க. இந்தக் காகிதத்தோட போனா, உட்கார வச்சு காபி கொடுக்கறாங்க. மாத்திரை இருக்கா, ஹீட்டர் எரியுதான்னு ஒரு நோட்டம் விட்டுட்டு வந்துடலாம். ஆனா வாராவாரம் போக ஒரு காரணம் வேணும் இல்லையா? அதான் மை."

வெர்னா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தூணில் சாய்ந்து நின்றாள்.

"அப்ப இந்தப் பிரியறது, தனி நாடு, அதெல்லாம் சும்மாவா?"

"யார் சொன்னா? என் கையெழுத்தை முதல் நாளே கம்ப்யூட்டர்ல போட்டாச்சு. பிரிஞ்சே ஆகணும்."

"உனக்குப் பைத்தியம்."

"இருக்கட்டும்."

மொத்தம் எத்தனை வீடு என்று கேட்டாள். பத்தொன்பது என்றார். ஓடைக்கு அந்தப் பக்கம் ஏழு வீடு, முட்டி வலியால் இந்த வாரம் இன்னும் போகவில்லை என்றார்.

வெர்னா கையை நீட்டினாள். அவர் ஒன்றும் கேட்காமல் நான்கைந்து காகிதங்களை எடுத்துக் கொடுத்தார்.

"வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு" என்றாள். "அரசியல் பேசினா பாதியில எழுப்பி விட்டுடுவேன்."

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும், அதிபரின் படம் ஒட்டிய காரை ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு அவள் நடந்து போனாள். முதல் வீட்டில் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. என்ன வேண்டும் என்று உள்ளேயிருந்து ஒரு வயதான குரல் அதட்டியது.

வெர்னா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"டெக்சஸைத் தனி நாடாக்கப் போறோம். உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்."