ரீடெஸ்ட்

“அடுத்த சனிக்கிழமை இதே நேரத்துக்கு வந்துரு. ரீடெஸ்ட் இருக்கு” என்றாள் லீலா, நோட்டிலிருந்து தலை நிமிராமல்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேனகாவுக்கு முகம் செத்துவிட்டது. அவள் படிக்கும் கொடைக்கானல் பள்ளியில் ரீடெஸ்ட் என்றால் ஒரே அர்த்தம்தான். முப்பத்தைந்து வாங்காதவர்கள் மறுபடி எழுதுவது, மற்றவர்கள் ஜன்னல் வழியே பார்த்துச் சிரிப்பது.

லீலா மதுரையிலிருந்து வந்திருந்த பிசியோதெரபி மாணவி. கால்பந்து ஆடும் பெண்களின் முழங்கால் பலத்தை அளக்க வந்திருக்கிறாள் என்று கோச் அருள்தாஸ் சொல்லியிருந்தார். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் மாதத்தில் அது எதற்கென்று தனியாக விளக்கவா வேண்டும்?

அளக்கும் விதம் எளிதுதான். உட்கார்ந்தபடி மேனகா காலை முன்னால் உந்த வேண்டும்; லீலா ஒரு சின்னக் கருவியைக் கணுக்காலுக்கு மேலே வைத்து, அசையாமல் பிடித்துத் தடுக்க வேண்டும். கருவி இருபத்து நாலு கிலோ காட்டியது.

“எம் பேரு எழுதலையாக்கா?”

“பேரு வேணாம்மா. நீ ஒம்பதாம் நம்பர். அப்புறம், இந்த வாரம் புதுசா எந்த எக்சர்சைஸும் செய்யாத. எப்பவும் போல இரு, போதும்.”

பேர் எழுதக்கூட லாயக்கில்லை என்று மேனகா எடுத்துக்கொண்டாள். இனி என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்றுதான் அக்கா அப்படிச் சொல்கிறாள்.

தனக்கு அளந்து முடித்து வெளியே காத்திருந்த தோழி இந்து, “என்னடி சொன்னாங்க?” என்றாள்.

“ஒண்ணும் சொல்லல. முடிஞ்சிருச்சு.”

வீட்டில் இதைவிட மோசம். கேரட் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் அம்மா ராக்கம்மா, “எம் மக டிஸ்ட்ரிக்ட் டீமுல ஆடப்போறா” என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மேனகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியற்காலையிலேயே பழைய ஸ்கூல் பையில் கல்லை நிரப்பிக் காலில் மாட்டித் தூக்க ஆரம்பித்தாள்.

“ஏ புள்ள, இந்தக் குளிருல வெள்ளனே என்ன சோலி?”

“சும்மாதாம்மா.”

ஐந்து நாள் தூக்கினாள். தொடை விண்விண்ணென்று தெறித்தது. வெள்ளிக்கிழமை மட்டும் ஓய்வு.

சனிக்கிழமை மப்ளரை முகத்தில் சுற்றிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேர்ந்தாள். அறை வாசலில் இந்து நின்றிருந்தாள்.

“நீ எதுக்குடி இங்க?” என்றாள் மேனகா.

“ஸ்வெட்டர விட்டுட்டுப் போயிட்டேன். நீ?”

“நானுந்தான்.”

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அதற்குள் உள்ளேயிருந்து “ஒம்பதாம் நம்பர்” என்று லீலா கூப்பிட்டுவிட்டாள்.

மேனகா உயிரைக் கொடுத்து உந்தினாள். இருபத்தொன்பது!

லீலா கருவியைப் பார்த்தாள். “ஏம்மா, இந்த வாரம் புதுசா ஏதாவது செஞ்சியா?”

“முருகன் சத்தியமா இல்லக்கா.”

சற்று நேரம் விட்டு மறுபடி அளந்தாள். அதே இருபத்தொன்பது. லீலா அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

“என்னக்கா, இதுவும் பெயிலா?”

“ஒன்ன யாரும்மா பெயிலாக்குனா? பன்னெண்டு பேருக்குமே ரீடெஸ்ட் இருக்கு. போன வாரம் வந்த நம்பரே இன்னைக்கும் வந்தாத்தான் அளந்தது சரின்னு அர்த்தம். காலையிலேர்ந்து ஒருத்திக்குக்கூட வரல, எல்லாமே கூடித்தான் வருது. கேட்டா யாருமே எதுவும் செய்யலங்குறாங்க. காலேஜுக்கு எஸ்.டி.டி. போட்டு நான் என்னன்னு சொல்லுவேன்?”

கல் பையும் பொய்ச் சத்தியமும் மேனகாவின் நினைவுக்கு வந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அப்ப... டெஸ்ட் யாருக்குக்கா?”

லீலா கருவியைப் பிடித்திருந்த தன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

“இந்தக் கைக்குத்தாம்மா.”