ஒரு கரித்துண்டு

சுரங்கத்திலிருந்து நிலக்கரி கொண்டுபோகும் நான்கு கிலோமீட்டர் நீளப் பெல்ட்டில் ஒரு பொட்டுக் கரியில்லை. வெட்டும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. ஆனாலும் ஞானசிகாமணி பெல்ட்டை ஓட்டிக்கொண்டே இருந்தார். போன குளிருக்கு அரைநாள் நிறுத்தியதற்கே ரப்பர் விறைத்து, உருளைகளில் கிரீஸ் கெட்டிப்பட்டு, திரும்பக் கிளப்பும்போது மோட்டார் புகைந்துபோனது.

போன் அடித்தது. பெல்ட்டின் மறுமுனையிலிருந்து புது மேனேஜர்.

“வெறும் பெல்ட்டுக்கு ஏன்யா இவ்வளவு கரண்ட் இழுக்குது?”

“இந்தக் குளிருக்கு வெறும் பெல்ட்டே கனம்தாங்க சார். நிறுத்தினா மறுபடி எழுந்திரிக்காது.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெறும் பெல்ட் ஓடக்கூடாது. நிறுத்துய்யா.”

ஞானசிகாமணி ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். உள்ளங்கையளவு கரித்துண்டு ஒன்றைப் பொறுக்கி, ஒட்டியிருந்த பனியைத் துடைத்து, ஓடும் பெல்ட்டில் போட்டுவிட்டு வந்தார்.

“லோடு அனுப்பியிருக்கேன் சார். இருபத்தஞ்சு நிமிஷத்துல வந்துடும்.”

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. கரண்ட் மீட்டரின் முள் இருந்த இடத்திலேயே நின்றது. பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.

மீண்டும் போன் அடித்தபோது முதலில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. மேனேஜர் வெளியே பெல்ட்டருகே நின்றிருக்க வேண்டும். அவருக்குப் பல் தந்தியடித்தது.

“வந்துடுச்சு,” என்றார். “அடுத்த லோடை அனுப்பிடுங்க.”