உனக்குக் கொழுப்பு

"ஸ்கேன் எடுத்தாச்சா? டாக்டர் என்ன சொன்னார்?" கட்டிலில் படுத்தபடியே கணவன் கேட்டான்.

"என் கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்காம்."

"அது குடிக்கிறவங்களுக்குத்தானே வரும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். குடிக்காமலும் வருமாம். தேவைக்கு மேல சாப்பிடுற மாவு, சர்க்கரையை எல்லாம் கல்லீரலே கொழுப்பா மாத்திச் சேர்த்து வெச்சுக்குமாம்."

"அப்படி யாரு உன்னை வளைச்சு வளைச்சுத் திங்கச் சொன்னது?"

"நீங்க தினமும் குடிச்சிட்டு வந்து தள்ளிவிட்ட தட்டு வீணாகக் கூடாதுன்னு, என் பங்கோட அதையும் நான்தானே சாப்பிட்டேன்?"

"வாயைப் பாரு! உனக்குக் கொழுப்புடி." இருபது வருடமாக அவன் சொல்லும் அதே வார்த்தை.

அவள் ரிப்போர்ட்டை மடித்து உறையில் போட்டாள்.

"ஆமாங்க. அதனாலதான் என் கல்லீரல்ல ஒரு துண்டை வெட்டி உங்களுக்கு வைக்க முடியாதுன்னு டாக்டர் கைவிரிச்சிட்டார்."