எட்டிப் பார்க்காத தம்பி

மருத்துவமனை நடைக்கூடத்தில் கணவனின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், எதிரே கொழுந்தனைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

அவனும் அவளைப் பார்த்தான். நாற்காலியில் குனிந்து போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த அண்ணனையும் பார்த்தான். மறுநொடி, பக்கத்திலிருந்த மாடிப்படிக் கதவுக்குள் சட்டென்று புகுந்துகொண்டான்.

அவள் நாற்காலியை முன்னைவிட வேகமாகத் தள்ளினாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது கால் இடறி லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆனால் கிள்ளினாலும் தெரியாத அந்தக் கால்கள்தான் எரிந்தன. கொதிக்கிற எண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறது என்பார். மாத்திரைகள் அவரைத் தூங்க வைத்தன, எரிச்சலைத் தூங்க வைக்கவில்லை.

ஆரம்பத்தில் தோள் கொடுத்தவன் கொழுந்தன்தான். அண்ணனைத் தூக்கி உட்கார வைத்தான், குளிப்பாட்டினான், முகம் மழித்துவிட்டான். பிறகு ஒருநாள் வருவதை நிறுத்திக்கொண்டான். கேட்டால் வேலை அதிகம் என்று போனிலேயே பதில். வீடு என்னவோ அடுத்த தெரு.

கணவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சாயங்காலமானால் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மட்டும் சுவரைப் பார்த்தபடி, “சலிச்சுப் போயிருக்கும். யாரா இருந்தாலும் சலிக்கும்” என்றார். அன்றைக்குத்தான் அவள் கொழுந்தனை மனதிலிருந்து தலைமுழுகினாள்.

நல்லவேளையாக, அவன் வரவு நின்ற சமயத்திலேயே இந்த மருத்துவமனையில் ஒரு வழி பிறந்தது. கண்ணை முழுதாக மூடி, உள்ளே படம் காட்டும் வி.ஆர். கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு குனிந்தால், தன் கால்களே கீழே நடப்பது போலத் தெரியும். கால் நடக்கிறது என்று மூளை நம்பிவிட்டால் எரிச்சல் அடங்கும் என்றார் தெரபிஸ்ட் அம்மா. முதலில் போட்டது பொம்மைக் கால்கள். இது எவனோட காலோ என்று கணவர் கழற்றி வைத்துவிட்டார். பிறகு படத்தை மாற்றினார்கள். அதன்பின் வலி மெல்ல மெல்ல இறங்க, மாத்திரை இல்லாமலே தூக்கமும் வந்தது.

யாரோ முன்பின் தெரியாத தெரபிஸ்டுக்கு இருக்கிற அக்கறை, கூடப் பிறந்தவனுக்கு இல்லை.

கணவரைச் சிகிச்சை அறையில் விட்டு, கண்ணாடி மாட்டுகிற வரை பொறுத்திருந்தாள். பிறகு விறுவிறுவென்று படி இறங்கினாள். கீழ்த் திருப்பத்தில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். அவள் பார்வை அவன் காலில் போய் விழுந்தது.

கணவரின் பழுப்பு நிற ஷூ. வீடு முழுக்கத் தேடியும் கிடைக்காதது.

“இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?”

அவன் எழுந்தான்.

“அவருக்கு இனிமே எதுக்குன்னு எடுத்துக்கிட்டியா?”

“இல்ல அண்ணி.”

“அண்ணனைப் பார்த்ததும் ஏன் ஓடி ஒளிஞ்ச? நீ கடன் வாங்கினவனா, அவர் கொடுத்தவரா? தினமும் வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார் அந்த மனுஷன். அது தெரியுமா உனக்கு?”

அவன் கண் கலங்கிப்போயிற்று. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முனகினான். அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

“பொறுத்தது போதும். இனிமே நீ வரவும் வேண்டாம், எங்களுக்குத் தம்பின்னு ஒருத்தன் இருக்கவும் வேண்டாம்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறி வந்தாள்.

அறை வாசலில் வந்து நின்றவளைத் தெரபிஸ்ட் அம்மா உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். ஷூ விஷயத்தையும் விடவில்லை.

தெரபிஸ்ட் அம்மா சிகிச்சை அறைப் பக்கம் திரும்பினார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கணவர் குனிந்து, தன் மடிக்குக் கீழே எதையோ பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குத் தெரிஞ்சா உங்க முகமே காட்டிக் கொடுத்துடும்னுதான் சொல்லல” என்றார் தெரபிஸ்ட் அம்மா மெதுவாக. “இப்போ உங்க வீட்டுக்காரர் பார்த்துக்கிட்டு இருக்காரே, அது அவர் தம்பியோட கால். அதே உயரம், அதே நடை. அண்ணன் ஷூவையே போட்டுக்கிட்டு நடந்து படம் எடுக்கக் கொடுத்தார். இன்னைக்குப் படி ஏறுற படம் எடுக்கணும்னு நாங்கதான் வரச் சொன்னோம்.”

அவள் கண்ணாடிச் சுவரின் பக்கம் திரும்பினாள்.

“அது தம்பி கால்னு ஒரு தடவை மனசுல பட்டுட்டா, வலி திரும்பிடுமோன்னு எனக்குப் பயம். அதனால, அண்ணன் கண்ணெதிர்ல நீங்க நடக்கவே கூடாது, வீட்டுப் பக்கம் போகவே கூடாதுன்னு அவர்கிட்ட சொன்னது நான்தாம்மா.”